இரண்டு நாள் தகவல் தேடல் பயிற்சி: முதல் நாளுக்கே கொடுத்த காசு தகும்

மதுரை வட்டாரத்தில் உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நூலகம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் 'தகவல் அறிதிறன்' பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு இது. இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு 300 ரூபாய், வெளிக் கல்லூரிக்காரர்களும் சேரலாம். முதுகலை மாணவர், பிஎச்.டி. ஆய்வாளர், ஆசிரியர், நூலகப் பணியாளர் எல்லாருக்கும் ஒரே வகுப்பு. கல்லூரியின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். இங்கே சொல்லும் குறைகள் இந்த வகைப் பயிற்சிகள் பலவற்றிலும் உண்டு. நிறைகள்தான் வேறு இடத்தில் எளிதில் கிடைக்காதவை.

தொடக்க விழாவை முதலில் சொல்லித் தீர்த்துவிடலாம். அழைப்பிதழில் 10 மணி என்று இருக்கும் வகுப்பு 11 மணிக்குத்தான் தொடங்குகிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் 'நாக்' குழுவின் கோப்புக்காக ஜியோ டேக் போட்டோ. நூலக விழா என்றால் நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை மேடையில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்ற நான்காம் விதிக்கு அவர் வந்து சேரும்போது மணி 10.50. நேரே லேபுக்கு 11 மணிக்குப் போனாலும் நஷ்டமில்லை. வருகைப் பதிவுத் தாள் மதியம்தான் சுற்றுக்கு வருகிறது.

பயிற்சியின் உயிர் முதல் நாள் முற்பகல்தான். இங்கே ஸ்லைடு கிடையாது. ஆளுக்கொரு தாள், அதில் வாட்ஸ்அப்பில் சுற்றும் கீழடி பற்றிய ஐந்து வரிகள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று மூலத்தைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். 'கீழடி 2,600 ஆண்டுப் பழமை' என்பது ஒரு வரி. கூகுளில் போட்டால் செய்தி, யூடியூப், மேடைப் பேச்சு என்று கொட்டும். பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அதிலிருந்து படிப்படியாக மேலே ஏறினால் மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி நூலுக்கு வந்து சேரலாம். நான்காம் கட்ட அகழாய்வின் ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவில் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கி.மு. 580. அதோடு 2019-ஐக் கூட்டினால் வருவதுதான் அந்த 2,600. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த இன்னொரு மாதிரி கி.மு. 205 என்று அதே நூலில் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவருக்கு, ஆழத்தைச் சொல்லாமல் 'கீழடியின் வயது' என்று ஒற்றை எண்ணை எழுதக் கை கூசும்.

இந்தப் பயிற்சிக்குள் வைத்தே தளங்களைச் சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறார்கள். பல கல்லூரிகளில் இன்னும் கையில் கொடுப்பது 2004-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவான 'கிராப்' சோதனைப் பட்டியல்: புதியதா, பொருத்தமா, எழுதியவர் யார், சரியா, நோக்கம் என்ன என்று அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்து டிக் அடிப்பது. போலி ஆய்விதழ்களை அதைக் கொண்டு பிடிக்க முடியாது. சின்னம், ஆசிரியர் குழு, ஐஎஸ்எஸ்என் என்ற இதழ்ப் பதிவெண், முகவரி எல்லாம் அங்கே நல்ல இதழைவிட ஒழுங்காக இருக்கும். இங்கே சொல்லித் தருவது அதற்கு நேரெதிர்: பக்கத்தைப் படிக்காதே, புது டேப் திற, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார். ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்கும் மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் தடுமாறிய இடத்தில், செய்திச் சரிபார்ப்பாளர்கள் தளத்தை விட்டு உடனே வெளியேறித்தான் சரியான முடிவுக்கு வந்தார்கள். அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும் பழக்கம் இது. பேராசிரியர்கள்தான் கடைசியில் பழகுகிறார்கள், கையில் எது கிடைத்தாலும் முதல் வரியிலிருந்து படித்தே பழகியவர்கள் என்பதால்.

அடுத்து எழுத்துக்கூட்டல். கீழடிக்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு: இரட்டை 'ஈ' போட்டது, நடுவே 'இசட்-ஹெச்' வைத்தது, முதலில் 'ஐ' போட்டது, ஒற்றை 'ஈ'யோடு நிற்பது. ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் மீதியெல்லாம் கைவிட்டுப் போகும். எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் 'ஆர்' (அல்லது) போட்டு இணைக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒற்றை 'ஈ' வகை கர்நாடகத்துக் கெளதி நாயக்கர்களையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால் அதற்கு மட்டும் 'ஆண்ட்' (மற்றும்) போட்டு வைகையையோ சிவகங்கையையோ சேர்க்க வேண்டும். 'ஆண்ட், ஆர், நாட்' என்று வட்டம் வட்டமாகப் படம் போட்டுக் காட்டும் வகுப்புகளில் யாருக்கும் ஏறாத பாடம் இங்கே ஒரே தேடலில் ஏறிவிடுகிறது.

தமிழ்த் தேடலுக்கு ஒதுக்கிய முக்கால் மணி நேரம் போதாது. ஆனாலும் மற்றப் பயிற்சிகளில் இந்தப் பகுதியே கிடையாது. தமிழில் ஆய்வு செய்பவர் அறிய வேண்டிய நுணுக்கம் இதில் நிறைய. 'கொற்கை' என்பதில் வரும் 'கொ'வின் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கூகுள் சமாளித்துக்கொள்ளும், சின்ன நூலகங்களின் அட்டவணைகளும் பிடிஎஃப் உள்தேடலும் பல நேரம் 'இல்லை' என்று கைவிரித்துவிடும். 'ஔவை'யை ஒ-வும் ள-வுமாக அடித்து வைத்திருப்பதும் இதே வகை. 'மதுரைக்காஞ்சி' சேர்த்தும் 'மதுரைக் காஞ்சி' பிரித்தும் பதிவாகியிருக்கும். கோயில், கோவில் இரண்டும் இருக்கும். 'இலக்கியத்தில்' என்று போட்டால் 'இலக்கியம்' வராது. அட்டவணையில் முழுச் சொல்லைப் போடாமல் 'இலக்கிய' என்று வெட்டி, பின்னால் நட்சத்திரக் குறி வைக்கச் சொல்கிறார்கள். பல கல்லூரிகளில் இருக்கும் கோஹா நூலக மென்பொருளில் இது வேலை செய்யும்.

வெளிநாட்டு நூலகங்களின் பதிவுகளைத் தேடும்போது வேறு சிக்கல். பல நாட்டு நூலகங்களின் கூட்டு அட்டவணையான வேர்ல்டுகேட்டில் நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மதுரையைத் தேடினால் தமிழ் நூல்களில் பெரும்பகுதி வராது. அங்கே ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகிறார்கள். மதுரையின் து-வுக்கு 'டைகர்' என்ற சொல்லின் முதலெழுத்து, சங்கத்தின் ச-வுக்கு பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இந்த ஒரு குறிப்பு தெரியாமல் 'வெளிநாட்டில் இந்த நூல் இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதியவர்கள் உண்டு.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளைத் தேடுவதும் இதே கதை. பல தலைப்புகள் ரோமன் எழுத்தில், அவரவர் மனம்போன எழுத்துக்கூட்டலில் ஏற்றப்பட்டிருக்கின்றன. தேடல் பெட்டியை நம்பாமல் பல்கலைக்கழகம், துறை என்று வரிசையாக உள்ளே இறங்குவதே நல்ல வழி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டியல் நீளமானது, பொறுமை வேண்டும். ஆய்வேடு இயல் இயலாகப் பிரிந்து கிடக்கும். எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியது 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பு. முடிவுரை பெரும்பாலும் அதில் இருக்கும் என்பதால், மீதியைத் தரவிறக்கத்தான் வேண்டுமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பிலிருந்து பத்தியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்து விழும். என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். வெறும் படமாக ஸ்கேன் செய்த கோப்பு என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். நீளமான கோப்பைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். பத்துப் பத்துப் பக்கமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். எடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் மேற்கோளாக வைக்கக் கூடாது.

முதல் நாள் பிற்பகல், செயற்கை நுண்ணறிவு தரும் போலி மேற்கோள்கள். எட்டு மேற்கோள்களை அச்சடித்துக் கொடுத்து, எவை பொய் என்று கேட்கிறார்கள். பொய்யானவை பார்வைக்குப் பழுதில்லாதவை: ஆசிரியர் உண்மையானவர், இதழ் உண்மையானது, ஆண்டும் பக்க எண்ணும் இருக்கின்றன, கட்டுரைதான் இல்லை. சரிபார்க்கும் வரிசை இது. கட்டுரைக்குக் கட்டுரை தனியாகத் தரப்படும், '10.' என்று தொடங்கும் டிஓஐ எண்ணை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் ஒட்டு. திறக்கவில்லையா, சந்தேகம் கொள். திறந்தாலும் தலைப்பைப் பார். மீன்வளக் கட்டுரையின் எண்ணை மொழியியல் கட்டுரைக்கு ஒட்டவைத்திருக்கும். எண்ணே இல்லையென்றால் இதழின் சொந்தத் தளத்துக்குப் போய், அந்தத் தொகுதி, அந்த இதழ் எண், அதன் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து பக்க எண்ணைப் பார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் இருக்கிறது என்பது மட்டும் சாட்சியாகாது. ஏற்கெனவே யாரோ அந்தப் பொய்யை மேற்கோள் காட்டியிருந்தால், அங்கேயும் 'மேற்கோள்' என்ற குறியோடு இணைப்பில்லாமல் ஒரு வரி தென்படும். பழகிவிட்டால் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆய்வேடு திருத்தும் நெறியாளர்கள் இந்த ஒரு பிற்பகலுக்காகவாவது வர வேண்டும்.

லேபில் நடக்கும் கோளாறுகளும் முதல் நாளிலேயே முளைக்கின்றன. 30 கணினிக்கு 60 பேர். மவுஸ் யார் கையிலோ அவர்தான் கற்கிறார், பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பார்க்கிறார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூகுள் ஸ்காலரைத் தட்டினால், 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்டு அது முரண்டு பிடிக்கும். கல்லூரிக் கணினிகள் எல்லாம் வெளியே ஒரே ஐபி முகவரியாகத் தெரிவதால் வரும் வினை அது. பாதிப் பேரைச் சொந்தப் போனின் டேட்டாவுக்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் இருபது நிமிடம் போனது. மொத்தமாகத் தரவிறக்கும் ஆசைக்கும் இதே காரணம் பொருந்தும். ஒருவர் மென்பொருள் வைத்து ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் இறக்கினால், பதிப்பகம் அந்த முகவரியையே முடக்கும். வளாகம் முழுவதற்கும் கதவு மூடும். இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள், ஆசிரியர்களுக்காவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

"சார், ஃபுல் டெக்ஸ்ட் கேட்டா காசு கேக்குது" என்பது எல்லா மூலையிலிருந்தும் வரும் கேள்வி. பதில் எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. 2025 ஜனவரி முதல் நடக்கும் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் வருகின்றன. மூன்று ஆண்டுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். ஆனால் முதல் கட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். மதுரையில் பெயர்பெற்ற பல கல்லூரிகள் உதவிபெறுபவை அல்லது சுயநிதி. அவற்றின் மாணவருக்கு இன்ஃபிளிப்நெட் மையம் கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்னூல் தரும் என்-லிஸ்ட் சேவைதான் வழி, அதுவும் கல்லூரி சந்தா கட்டியிருந்தால். என்-லிஸ்ட் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. நூலகத்தில் கேட்டால்தான் உருவாக்கித் தருவார்கள். வகுப்பில் வந்து கணக்குக் கேட்டால் அன்று கிடைக்காது. இரண்டும் இல்லாதவருக்கு ஸ்காலரில் ஒவ்வொரு முடிவின் கீழும் இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பு கைகொடுக்கும். கட்டுரையாளர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக ஏற்றிவைத்த படி அதில் அகப்படலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி அந்த வேலையைத் தானாகவே பார்க்கும். இதை மட்டும் திரையில் செய்துகாட்டிய விதம் அருமை.

இரண்டாம் நாள் இறங்குமுகம். காலையில் சோடேரோ. மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் நல்ல மென்பொருள், இலவசம். சொல்லித் தந்ததும் தெளிவு. நிறுவும்போது வேர்டை மூடிவைக்காததால் பாதிப் பேருக்கு மேற்கோள் செருகும் பட்டை வரவில்லை. முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்கலாம். இலவச இடம் 300 எம்பிதான். பிடிஎஃப்களை இணையத்தில் ஒத்திசைக்கும் டிக்கை எடுத்துவிட்டால் அது பல ஆண்டு வரும், எடுக்காவிட்டால் மாதத்தில் நிரம்பும். டிஓஐ ஒட்டினால் விவரம் தானாக நிரம்புவதைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்தார்கள். தமிழ் நூலின் ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணைப் போட்டதும் பல முறை வெறுங்கை. தமிழ் நூல்களைக் கையால்தான் ஏற்ற வேண்டும். அங்கே இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். ஒன்று பெயர்: நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துதான். இரு கட்டப் பெயரை ஒரு கட்டமாக மாற்றும் சின்னக் குறி பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழுத்தாமல் விட்டால் துணைநூற்பட்டியலில் தந்தை பெயர் முன்னால் வந்து நிற்கும். மற்றொன்று ஆண்டு: சில தமிழ் நூல்களின் உரிமைப் பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். 2040 என்று இருந்தால் 31-ஐக் கழித்து 2009 என்று பதிய வேண்டும். அப்படியே பதிந்து, இன்னும் பிறக்காத ஆண்டில் வெளிவந்த நூலை மேற்கோள் காட்டும் பட்டியல்களைப் பார்த்தவருக்கு இது வேடிக்கையாகத் தெரியாது. பயிற்றுநர் பெயரைச் சொன்னார், ஆண்டைச் சொல்லவில்லை.

நகல் கண்டறிதல் வகுப்பு பரவாயில்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. இந்த எண்களை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தை அப்படியே இந்த அளவுகோலில் வைக்கக் கூடாது என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், சட்டம், சூத்திரம், தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவது ஆகியவை கணக்கில் சேராது. வடிகட்டியைப் போடாத அறிக்கையில் 28 காட்டியது, போட்டதும் எவ்வளவு இறங்குகிறது என்று திரையில் காட்டினார்கள். நெறியாளர்கள் முகத்தில் தெளிவு. ஸ்கேன் படமாகக் கிடக்கும் தமிழ் நூலிலிருந்து எடுத்ததை மென்பொருளால் பிடிக்க முடியாது என்ற எச்சரிக்கையும் வந்திருக்கலாம். பூஜ்யம் காட்டும் தமிழ் ஆய்வேடு தூய்மையானது என்று பொருளல்ல.

ஆய்விதழ்த் தேர்வு வகுப்புதான் மோசம். யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலில் எப்படித் தேடுவது என்று பதினைந்து ஸ்லைடு. அந்தப் பட்டியலையே கைவிடுவதாக யுஜிசி 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கிறது. பழைய ஸ்லைடை அப்படியே ஓட்டியது, அதுவும் ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது, மன்னிக்க முடியாத சோம்பல். பட்டியலை நம்பியே இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2018 மே மாதமே பாடம். முந்தைய பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை யுஜிசி ஒரே அடியில் நீக்கியது. சொல்லியிருக்க வேண்டியவை வேறு: ஐஎஸ்எஸ்என் என்பது பதிவெண் மட்டுமே, தரச் சான்று அல்ல. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் அதன் மூலப் பட்டியலில் இப்போதும் இருக்கிறதா, நிறுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நல்ல இதழின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. அதனால் தேடுபொறியிலிருந்து இதழுக்குப் போகாமல் ஸ்கோபஸ் பதிவிலிருந்தோ திறந்த அணுக்க இதழ்களின் டிஓஏஜே பட்டியலிலிருந்தோ இணைப்பைப் பிடித்துப் போக வேண்டும். இரண்டே நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புக்குப் பதில் போடவே வேண்டாம்.

முடிவில் பத்துக் கேள்வித் தேர்வு. காலையில் கொடுத்த அதே பத்துக் கேள்வி, அதே வரிசை. மதிப்பெண் ஏறாமல் எப்படி இருக்கும்? அறிக்கையில் போட வசதி, அவ்வளவுதான். பயிற்சி பலித்ததா என்று பார்க்க, ஒரு பருவம் கழித்து அந்த மாணவர்கள் எழுதிய ஒப்படைப்பின் துணைநூற்பட்டியலில் பத்து மேற்கோளை எடுத்துச் சரிபார்த்தாலே போதும். அதற்கு வகுப்பாசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். இங்கே நூலகம் தனியாக நிற்கிறது. பிஎச்.டி. மாணவர்களுக்கு 2 கிரெடிட்டும் 30 மணி நேரமும் கொண்ட 'ஆய்வு, வெளியீட்டு அறவியல்' பாடம் ஏற்கெனவே கட்டாயம். அதன் செய்முறைப் பகுதியோடு இந்த முதல் நாளை இணைத்தால் தனியாக ஆள் சேர்க்கும் பாடே இருக்காது. ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைப்பதையும் விட்டுவிடலாம். தன் மாணவர் எதிரே 'இது எனக்குத் தெரியாது' என்று கேட்கத் துணியும் பேராசிரியர் அபூர்வம்.

சேர நினைப்பவர்கள் சொந்த லேப்டாப் கொண்டுபோவது நல்லது, மவுஸுக்குக் காத்திருக்க வேண்டாம். சோடேரோவை வீட்டிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். என்-லிஸ்ட் கணக்கை ஒரு வாரம் முன்பே திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல், கல்லூரி எப்போதோ பதிந்த பழைய மின்னஞ்சலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். உங்கள் ஆய்வுத் தலைப்பை ஒரு தாளில் எழுதி, அதில் உள்ள ஊர்ப்பெயர், ஆள் பெயர்களின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு எடுத்துப்போனால் கீழடிக்குப் பதில் அதிலேயே பழகலாம், பயிற்றுநர் தடுப்பதில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் நிறைவு விழாதான். தேனி, திண்டுக்கல் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லிவைத்தால் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள்.